கோணல் மரத்து வில்



தமிழில் 'சிலை' என்னும் சொல்லுக்கு வில் என்று ஒரு பொருள் உண்டு. ஒருவகை மரம் என்றும் அகராதியில் ஒரு பொருள் காண்கிறோம். மரத்தையும் அதிலிருந்து பிறக்கும் வில்லையும் ஒரே சொல்லால் வழங்கும் இவ்வழக்கம் எண்ணிப் பார்க்கத் தக்கது. வட அமெரிக்காவுக்குச் சென்ற பிரெஞ்சுக்காரர்களும் அங்குள்ள பழங்குடி மக்கள் ஒரு குறிப்பிட்ட மரத்தை வில்லுக்கெனத் தேடிச் செல்வதைக் கண்டு, அம்மரத்துக்குத் தம் மொழியில் 'வில்மரம்' என்றே பெயரிட்டனர். எல்லா மரமும் வில்லாகிவிடாது என்பதை இச்சொற்களை ஆக்கியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதை நான் அறிந்துகொண்டது சற்றுக் காலங்கடந்துதான். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்குச் சீதையின் சுயம்வரத்தை நாடகமாக நடிக்க ஏற்பாடு செய்தோம். மூங்கில் வில்லே போதும் என்றார் கைத்தொழிலாசிரியர். சனகன் அவையில் மூங்கில் வில்லா என்று நான் கேட்டேன்; உண்மையான மரவில்லே வேண்டும் என்று பிடிவாதமும் செய்தேன். நன்கு உலர்ந்த சவுக்குக் கழியொன்றைச் செதுக்கினார்கள். ஒத்திகையில் இராமனாக நடிக்கும் மாணவன் வருவதற்கு முன்பே, நாணேற்றிப் பார்க்கச் சென்ற வாயிற்காவலன் வேடத்துச் சிறுவன் கையில் அது 'படீர்' என்று முறிந்தது! அவையோர் சிரித்துத் தீர்த்த பிறகு, முறிந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். வளைவின் வெளிப்புறத்தில், ஒரு சிறு கணுவின் ஓரத்திலிருந்து முறிவு தொடங்கியிருந்தது. உட்புறத்து மரம் பெரும்பாலும் சேதமின்றி இருந்தது.

இதன் காரணம் எளியது. ஒரு கழியை வளைக்கும்போது, இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபட்டு நீளுகிறது. எய்பவனை நோக்கிய உட்புறம் நெருக்குண்டு குறுகுகிறது. நடுவில் ஓர் அடுக்கு நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. ஆகவே வில் என்பது ஒரே மரமாகத் தோன்றினும் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு வேலைகளைச் செய்யும் இரு பக்கங்களை உடையது. மரத்தின் இயல்போ நீளுவதில் மிகச் சிக்கனமானது. நூறு அங்குல நீளத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளுவதற்குள் அதன் இழைகள் அறுபடத் தொடங்கும். கணு இருக்குமிடத்தில் இழைகள் நேராக ஓடாமல் விலகி வளைந்து ஓடுகின்றன. இழுவிசை அங்கேதான் பிளவைக் காண்கிறது. ஆதலால் வில் செய்பவன் முதலில் தேடுவது, கணுவின்றி நேராக இழையோடும் மரம்.

இவ்விரு வேலைகளையும் தன்னுள்ளேயே பங்கிட்டு வைத்திருக்கும் மரம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. யூ என்பது அதன் பெயர். நம் தச்சர்கள் வெளிறு என்று கழிக்கும் வெளி அடுக்கு அம்மரத்தில் வெண்மையாக இருந்து இழுவிசையை நன்கு தாங்கும். உள்ளே வைரம் பாய்ந்த செந்நிறப் பகுதி நெருக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மரத்தைப் பிளந்து எடுத்தால் வில் பாதி செய்தாயிற்று. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனோடு கிடைத்த வில்லும் யூ மரத்தாலானதே. 1.82 மீட்டர் நீளமுள்ள அவ்வில் இன்னும் செதுக்கி முடிக்கப்படாதிருந்தது. 1545இல் மூழ்கி 1982இல் வெளிக்கொணரப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் முழுமையாகக் கிடைத்த விற்கள் மட்டும் 137. அவையும் யூ மரமே.

அம்மரத்தின் சிறப்பே அதற்குக் கேடாயிற்று. இங்கிலாந்தின் படைக்கு வேண்டிய மரம் அந்நாட்டிலேயே கிடைக்கவில்லை. 1472ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, இங்கிலாந்துக்குச் சரக்குக் கொண்டுவரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு விற்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. வில்லுக்கென எடுக்கும் நீண்ட மரத்துண்டையே விற்கட்டை என்கிறேன். பவேரியா, ஆஸ்திரியா முதலிய நாடுகளின் மலைக் காடுகளிலிருந்து கட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. யூ மிக மெதுவாக வளரும் மரம். அடியோடு வெட்டிய மரத்துக்கு ஈடாக இன்னொன்று வளர்ந்து நிற்பதற்குள் பல தலைமுறைகள் கழிந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் நல்ல யூ மரம் அரிதாயிற்று. அதற்குள் துப்பாக்கியும் வந்துவிட்டது.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு மரத்தைப் பற்றிக் கூறுகிறேன். இன்றைய பேச்சின் பொருளும் அதுவே.

அமெரிக்க நாட்டின் மேற்கில் நெவாடா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் பெய்யும் நீர் கடலுக்குச் செல்ல வழியின்றி உள்நாட்டு ஏரிகளிலும் உப்பு வெளிகளிலும் வற்றிப்போகிறது. வறண்ட மலைத்தொடர்கள், கோடையில் வெயில், குளிர்காலத்தில் பனி, ஆண்டு முழுவதும் காற்று. இத்தகைய மலைச் சரிவுகளில் வளரும் மரம் ஜூனிப்பர். உதகையில் சைப்பிரஸ் மரத்தைக் கண்டவர்கள் அதன் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளலாம். ஆனால் சைப்பிரஸின் நிமிர்ந்த தோற்றத்தை இதில் எதிர்பார்க்கலாகாது. ஜூனிப்பர் குட்டையானது, அடியிலிருந்தே கிளைவிடுவது, முறுக்கிப் பிழிந்த துணியைப் போன்ற தண்டுடையது, உடம்பெல்லாம் கணு. போதாததற்கு, அதன் மரம் நெருக்கத்தைத் தாங்குமேயன்றி இழுவிசைக்கு அஞ்சும். வில் செய்ய மரம் தேடி வருபவன் இதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவான் என்றே நாம் நினைப்போம்.

அந்நிலத்துப் பழங்குடி மக்கள் திரும்பிப் போகவில்லை. போவதற்கு வேறு மரமும் அதிகமில்லை. சரிவு முழுவதும் நிற்கும் கோணல் மரங்களிடையே, எங்கோ ஒரு மரத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், மூன்று நான்கு அடி நீளத்துக்குக் கணுவின்றி நேராக இழையோடும் பகுதி இருக்கும். அதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பகுதியை எவ்வாறு எடுத்தார்கள் என்பதை நமக்குச் சொன்னவை அம்மரங்களே. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பிலிப் வில்கி என்னும் தொல்லியல் அறிஞர், நெவாடாவின் மேற்குப் பகுதியில் உயிரோடு நிற்கும் ஜூனிப்பர் மரங்களில் நீண்ட வடுக்கள் இருப்பதைக் கண்டு ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வடுக்கள் இடியாலோ நோயாலோ ஏற்பட்டவை அல்ல. விற்கட்டை எடுத்த தழும்புகள் என்று அவர் காட்டினார்.

முறை இதுதான். வேண்டிய நீளத்தை அளந்துகொண்டு, மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் கல் ஆயுதத்தால் குறுக்கே வெட்டி விடுவார்கள். வெட்டு தண்டைச் சுற்றி வராது. ஒரு வில்லின் அகலத்துக்கு மேல் சற்றே இருக்கும். பிறகு போய்விடுவார்கள். ஆம், கட்டையை எடுக்காமலே போய்விடுவார்கள்! இரு வெட்டுக்களுக்கும் இடைப்பட்ட மரத்துக்கு நீர் ஏறும் வழி அடைபட்டது. ஆகவே அத்துண்டு மட்டும் நின்ற இடத்திலேயே சிறுகச் சிறுக உலரும். பச்சை மரத்தை அறுத்து வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும் என்பதைத் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். இங்கோ, உலரும் துண்டின் முதுகை உயிருள்ள தண்டு இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அது கோணுவதற்கு இடமே இல்லை. ஓராண்டோ, சில ஆண்டுகளோ கழித்து வந்து, இழையின் போக்கிலேயே பிளந்து எடுத்துக்கொள்வார்கள். உலர்ந்து பதமான கட்டை கையில் வரும்.

மரத்தின் கதி என்ன? உங்கள் தாவரவியல் பாடத்தை இங்கே நினைவுகூருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளர்படலம் ஒன்று இருக்கிறது. தண்டைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கத்தில் ஒரு பட்டையளவு எடுத்தால் எஞ்சிய பக்கங்கள் அவ்வேலையைத் தொடர்ந்து செய்யும், மரம் பிழைத்துக்கொள்ளும். அதுமட்டுமன்று. காயத்தின் இரு கரைகளிலிருந்தும் வளர்படலம் புதிய மரத்தை இட்டுக்கொண்டு வந்து வடுவை மூட முயலும். அவ்வாறு வளரும் புதுமரமும் நேரான இழையோடு வளருவதுண்டு. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதிலிருந்தும் ஒரு கட்டை எடுக்கலாம். வில்கி கண்ட மரங்களில் பழைய வடுவின்மேல் புதிய வடு விழுந்தவை இருந்தன. ஒரே மரத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். ஜூனிப்பர் வளரும் வேகத்தைப் பார்த்தால், ஒரு கட்டையை எடுத்தவனுக்கும் அடுத்ததை எடுத்தவனுக்கும் இடையே நெடுங்காலம் சென்றிருக்க வேண்டும்.

ஆங்கிலேயன் மரத்தை அழித்தான், பழங்குடியினன் காத்தான் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மாணவர் கட்டுரைப் போட்டிகளில் அவ்வாறு எழுதக் கண்டிருக்கிறேன். நான் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூற மாட்டேன். ஓர் அரசின் படைக்கு ஆயிரக்கணக்கில் வில் வேண்டும். ஒரு வேட்டைக்காரனுக்கு ஒன்றிரண்டு போதும். ஜூனிப்பர் மக்கள் நாற்பதாயிரம் வில் செய்ய வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ! எனினும் ஒன்று தெளிவு. நல்ல மரம் எங்கும் கிடைத்தவனுக்கு ஒரு மரத்தின் அருமை தெரிய நெடுங்காலம் ஆயிற்று. நூறு மரங்களில் ஒன்றே பயன்படும் என்ற நிலையில் இருந்தவன், அந்த ஒன்றை வெட்டி வீழ்த்த நினைக்கவும் துணியவில்லை.

கட்டை எடுத்த கதையை மரங்கள் சொல்லின. கட்டை வில்லான கதையை ஒரு மனிதர் சொன்னார். அவர் நெவாடாக்காரர் அல்லர். அதற்கு மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால், கலிபோர்னியாவின் வடபகுதியைச் சேர்ந்தவர். அவருடைய மக்களுக்கு யாஹி என்று பெயர். 1848ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின் வந்து குவிந்த குடியேறிகள் அம்மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். எஞ்சிய சிலர் டீர் கிரீக் என்னும் ஓடையின் பள்ளத்தாக்குகளில் நாற்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் வாழ்ந்தார்கள். 1908இல் நில அளவைக்குச் சென்ற சிலர் அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைக் கண்டு, அங்கிருந்த பண்டங்களை எடுத்துச் சென்றுவிட்டனர். அதன்பின் எஞ்சியவர் ஒருவரே. 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், ஓரோவில் என்னும் ஊரின் வெளியே, பசியால் மெலிந்து, துக்கத்தின் அடையாளமாக முடியைப் பொசுக்கிக்கொண்டு அவர் வந்து நின்றார். அவரைச் சிறையில் வைத்தார்கள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாட்டர்மன் என்னும் மானிடவியல் ஆசிரியர் வந்து அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பல்கலைக் கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். தம் பெயரைத் தாமே பிறரிடம் கூறுவது அவர்கள் வழக்கமன்று. ஆதலால் அங்கிருந்த பேராசிரியர் ஆல்பிரட் குரோபர், அவருடைய மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லால் அவரை அழைத்தார்.

அருங்காட்சியகத்துக்கு அருகில் இருந்த மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். இஷிக்கு மருத்துவம் பார்க்க வந்தவர் அவருக்கு மாணாக்கரானார். வில் செய்வதும் அம்பு செய்வதும் எய்வதும் கற்றுக்கொண்டு, கற்றதை 1918இலும் 1923இலும் நூலாக எழுதினார். இன்று ஜூனிப்பர் வில்லைப் பற்றி நாம் இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பதற்கு அந்நட்பே காரணம்.

இஷியின் வில் 42 அங்குலம். அவர் அளவுகோல் கொண்டு அளக்கவில்லை. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, அக்கையின் நுனியிலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பு வரையில் உள்ள தூரமே வில்லின் நீளம். நீங்களும் அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கேற்ற வில் அது. ஒவ்வொரு புறத்தின் நடுவிலும் இரண்டு அங்குல அகலம், அரை அங்குலக் கனம். பிடிக்கும் இடத்தில் அகலம் குறைந்து கனம் கூடும். கிளையொன்றைப் பிளந்து, வெளிறு உட்பட மரத்தின் வெளி அடுக்குகளையே அவர் எடுத்துக்கொள்வார். சுரண்டியும் மணற்கல்லில் தேய்த்தும் உருவாக்குவார். சூடேற்றிய கல்லின்மேல் அழுத்தி இரு நுனிகளையும் முன்புறமாகச் சற்று வளைப்பார். அவ்வளைவு மாறாதபடி வேறொரு மரத்தோடு சேர்த்துக் கட்டி, இருட்டும் உலர்ச்சியும் உள்ள இடத்தில் வைத்துவிடுவார். சில மாதங்கள், சில வேளை ஆண்டுகள்.

இப்போதும் அது வில்லாகவில்லை. ஜூனிப்பர் இழுவிசைக்கு அஞ்சும் என்று முன்பே சொன்னேன். அந்த அச்சத்தைப் போக்கும் வழிதான் இக்கலையின் உச்சம். மானின் காலிலிருந்து எடுத்த தசைநாணை இஷி வாயிலிட்டு மெல்லுவார். மென்று மென்று அதை நூல்நூலாகப் பிரிப்பார். உமிழ்நீரில் அது மிருதுவாகி ஒட்டும் தன்மை பெறும். சாமன் மீனின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையை, சொரசொரப்பாக்கிய வில்லின் வெளிப்புறத்தில் முதலில் பூசி உலரவிடுவார். நம் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரமும் இதுவும் ஏறத்தாழ ஒரே சரக்கு. அதன்மேல் தசைநாண் இழைகளை, நுனிமேல் நுனி சற்று ஏறி நிற்குமாறு, நுனி முதல் நுனி வரை தடிப்பாகப் படியவைப்பார். நாண் மாட்டும் இடமாகிய குதையில் மரத்தை முழுதும் சுற்றிவிடுவார். வில்லோ மரப்பட்டையை நாடாவாகக் கிழித்து அனைத்தையும் இறுகக் கட்டுவார். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்து, ஓரங்களைச் சீர்செய்து, மீண்டும் பசை பூசி, மணற்கல்லால் இழைப்பார்.

தசைநாண் மரத்தைவிடப் பல மடங்கு நீண்டு கொடுக்கக் கூடியது. விட்டவுடன் சுருங்கியும் விடும். வெளிப்புறத்தில் மரம் செய்ய இயலாத வேலையை அது மேற்கொள்கிறது. உட்புறத்தில் நெருக்கத்தைத் தாங்கும் வேலை ஜூனிப்பருக்கு. அது அம்மரத்துக்குக் கைவந்த வேலை. இன்னொன்றும் உண்டு. உலரும்போது தசைநாண் சுருங்குவதால், வில்லை எதிர்ப்புறமாக இழுத்து வைக்கிறது. நாணேற்றும் முன்பே அதில் விசை குடியிருக்கிறது. மூன்றரை அடி வில்லை இருபத்தைந்து அங்குலம் இழுத்தும் முறியாதிருப்பது இதனால்தான். அவ்வாறு இழுக்க ஏறத்தாழ நாற்பது பவுண்டு விசை வேண்டியிருந்தது என்று போப் அளந்து எழுதினார். மான் வேட்டைக்கு அது போதுமானது. இவ்வில்லுக்குப் பகை ஈரம். நனைந்தால் பசையும் தசைநாணும் இளகிவிடும். பூமாவின் வால்தோலால் செய்த உறையே அதற்குக் குடை.

நாணும் மானின் தசைநாணே. அதையும் மென்று, முறுக்கி, எச்சிலால் நீவி வழவழப்பாக்கினார். மெல்லுவதிலேயே எத்தனை நாள் சென்றிருக்கும்! எனக்குப் பல் விழத் தொடங்கிய வயதில் இதைப் படித்தபோது, முதியவர்கள் அங்கே எப்படி வில் செய்தார்கள் என்ற கவலைதான் முதலில் தோன்றியது.

வில்லை வைத்திருப்பதிலும் இஷிக்கு நெறிகள் இருந்தன. பயன்படுத்தாதபோது வில்லைப் படுக்க வைக்க வேண்டும். நிற்கவைத்தால் அது உழைத்துக்கொண்டே இருந்து வியர்த்துத் தளர்ந்துவிடும் என்பார். அதைத் தாண்டலாகாது, தாண்டினால் அம்பு கோணலாகப் போகும். சிறுவர் அதைக் கையாளலாகாது. இவற்றுள் சிலவற்றுக்கு நாம் காரணம் காட்ட முடியும். நாணேற்றியபடி விட்ட வில் வலுவிழப்பது உண்மை. சிலவற்றுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்றைக் காலில் மிதிபடாமல் காப்பதற்கு அவரிடம் பூட்டும் பெட்டியும் இல்லை, சொல்தான் இருந்தது.

1914ஆம் ஆண்டில் குரோபர், வாட்டர்மன், போப் ஆகியோர் இஷியோடு டீர் கிரீக் பள்ளத்தாக்குக்குச் சென்றார்கள். தம்மவர் வாழ்ந்த இடங்களை அவர் காட்டினார். போப்பின் இளம் மகனும் உடன் சென்றான். நகருக்குத் திரும்பிய பின் இஷி நெடுங்காலம் இருக்கவில்லை. காசநோய் கண்டு, 1916 மார்ச் 25ஆம் நாள், போப் பணியாற்றிய மருத்துவமனையிலேயே இறந்தார். அவர் உடலை எரியூட்டுவதற்கு முன், நண்பர்கள் பெட்டியில் சில பொருள்களை உடன் வைத்தார்கள். ஒரு கூடையில் ஓக் மரக்கொட்டையின் மாவு, கொஞ்சம் புகையிலை, சங்குமணிகள், அம்புமுனை செய்யும் கண்ணாடிக்கல்லின் சில சில்லுகள், அம்புகள் ஐந்து. அவற்றோடு அவருடைய வில்களில் ஒன்றையும் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள்.